ஏலக்காய் டப்பாவில் தும்பை

என் வீட்டுக்காரருக்குத் தலைவலி சூரியனோடு எழுந்திருக்கும். கிழக்கே வெளுக்கும்போது இடது புருவத்துக்கு மேல் ஒரு புள்ளியாக ஆரம்பிக்கும். வெயில் ஏற ஏற அது கண்ணுக்குள் இறங்கும். உச்சிப்பொழுதில் பேசினால்கூட வலிக்கும் என்பார். பொழுது மேற்கே சாயத் தொடங்கினால் வலியும் சாயும். சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு சிரித்துப் பேசும் மனிதரைப் பார்த்தால், காலையில் தலையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு தொழுவத்து இருட்டில் வைக்கோல் மேல் கிடந்தவர் இவர்தானா என்று தோன்றும். மாதத்தில் பாதி நாள் இப்படித்தான்.

அவர் பெயர் ஈஸ்வரமூர்த்தி. அவர் போய் இது மூன்றாவது கார்த்திகை. வடக்கு வரப்பு முழுக்கத் தும்பை பூத்திருக்கிறது. அதைப் பார்த்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில் எங்களுக்கு ஒரு கிணறும் அதைச் சுற்றிக் கொஞ்சம் வயலும் உண்டு. வயல் வேலை என்றால் காலை வேலை. ஏர் பூட்டுவது, நடவுக்கு ஆள் வருவது, வாய்க்காலில் எங்கள் முறைத் தண்ணீர் வருவது எல்லாம் அந்த மனிதர் தலையைத் தூக்க முடியாத நேரத்தில்தான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் நடவுப் பெண்கள் வந்து நின்றுகொண்டே இருந்தார்கள். சொல்ல ஆள் இல்லை. நான் போய்ச் சொன்னேன். அடுத்த நாளும் போனேன். இரண்டு போகத்துக்குள் எந்த வயலில் தண்ணீர் நிற்கும், எதில் ஓடிவிடும் என்பது எனக்குப் பழகிவிட்டது.

"நமக்கு ரெண்டு பண்ணாடிங்கடி," என்று நடவுப் பெண்கள் எனக்குக் கேட்கும்படியே பேசிக்கொள்வார்கள். "காலைல பூவாத்தா. பொழுதெறங்குனா மூர்த்தி."

பண்ணாடி என்றால் பண்ணைக்கு எஜமான். எனக்கு அது பிடித்திருந்தது. பனி ஈரத்தில் வரப்பு மேல் நின்று மடையைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஒவ்வொரு பாத்தியாக நிறைவதைப் பார்ப்பது பிடித்திருந்தது. ஆனால் அதை எப்படி வெளியே சொல்வது? அவருக்கு வலி வந்ததால் எனக்குக் கிடைத்த காலை அது.

எழுபத்து நாலாம் வருஷம் ஐப்பசியில் குப்பண்ணன் அண்ணன் வந்தார். என் நாத்தனார் கமலாத்தாளின் வீட்டுக்காரர். நங்கையா என்று நான் கூப்பிடும் அவளும் அவரும் குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்தார்கள். மலையில் வாங்கி, பொறுக்கித் தரம் பிரித்து அனுப்பும் கடை. நல்ல மனிதர், கை தாராளம். வரும்போதெல்லாம் ஒரு டப்பா நிறைய ஏலக்காய் கொண்டுவருவார். அவர் வந்து போன பிறகு எங்கள் வாசற்கதவுகூட இரண்டு நாள் மணக்கும்.

அன்றைக்கு மச்சினனைத் தொழுவத்தில் பார்த்துவிட்டு அவர் வெளியே வந்தார். சாயங்காலம் பேச்சை எடுத்தார்.

"மாப்பிள்ள, எங்கூர்ல சூரியன் வர்றதே பாதிப் பகலுக்கு மேலதான். வந்தாலும் மஞ்சு வந்து மூடிக்கும். உன்ற தலவலிக்கு எப்ப எந்திரிக்கறதுன்னே தெரியாம அது தூங்கிப்போயிரும். வந்து கடையைப் பாத்துக்க. நெழல்ல உக்காந்த வேலை."

"வயக்காட்டை என்னங்க மச்சான் பண்றது?"

"குத்தகைக்கு உட்டுறாதே. இப்பத்த சட்டத்துல உட்டா திரும்ப வராது. பங்காளிக்கே வித்துப்போடு. வெயில்ல நிக்க முடியாதவனுக்குக் காடு எதுக்கு?"

விற்றால் போனதுதான். அங்கே போனால் நான் கடைக்குப் பின்னால் மற்றப் பெண்களோடு உட்கார்ந்து முறத்தில் ஏலக்காய் பொறுக்குவேன். அந்தப் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்கக் குனிந்த தலை. இவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன்.

"பாக்கலாமுங்க," என்றார்.

எது கேட்டாலும் அவருடைய பதில் அதுதான். அது சரியா, வேண்டாமா என்று அவரைப் பெற்றவர்களுக்கே தெரிந்திருக்காது.

"தை கழிஞ்சு வர்றேன்," என்றார் அண்ணன். "அதுக்குள்ள தலவலி போயிருச்சுன்னா இங்கயே இரு. இல்லைன்னா என்ற கூட வா. உங்கக்கா மேல ஒரு அறையைச் சுண்ணாம்பு அடிச்சு வெச்சிருக்கறா."

"சரிங்க மச்சான்."

தை முடிவதற்குள் அந்தத் தலைவலியைப் போக்கியாக வேண்டும் என்று நான் கிளம்பினேன்.

செய்யாத வைத்தியம் இல்லை. சுக்குப் பற்றுப் போட்டு நெற்றித் தோல் உரிந்திருந்தது. தும்பையிலையைக் கசக்கி மூக்கில் விட்டதில், உள்ளே தேனீ புகுந்தது போல் இருக்கிறது என்று கிணற்றைச் சுற்றி ஓடினார். மிச்சம் இருந்தது சித்தூர் ஜப்பார் டாக்டர்தான். ஹோமியோபதி. அவர் குடும்பம் கடைவீதியில் அத்தரும் ஊதுபத்தியும் கற்பூரமும் விற்கிற குடும்பம். டாக்டர் மட்டும் அந்த வீதியை விட்டுத் தள்ளி, ஊர்க்கோடியில் ஓர் ஓட்டு வீட்டில் வைத்தியம் பார்த்தார். வாசனை இருக்கிற இடத்தில் தன் மருந்து நிற்காது என்பார். தன் அண்ணனின் அத்தர்க் கடையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு போவார் என்று ஊரில் கேலி பேசுவார்கள்.

அவர் நாடி பார்க்கவில்லை. கேள்விதான் கேட்டார்.

"உப்பு அதிகம் வேணுமா, இனிப்பா?"

இவர் என்னைப் பார்த்தார். "உப்புங்க," என்றேன் நான்.

"இடி இடிச்சா பயமுண்டா?"

"இல்லீங்க."

"தூங்கறப்ப காலைப் போர்வைக்கு வெளியே வெப்பீங்களா?"

"டாக்டரே, தலவலிங்க எனக்கு. காலுக்கு ஒண்ணுமில்லீங்க."

"கால் வேற யாரோடதாக்கும்? சொல்லுங்க."

"வெளியதாங்க வெப்பேன்."

"கோபம் வந்தா சத்தம் போடுவீங்களா?"

"இல்லீங்க."

"பின்னே என்ன செய்வீங்க?"

இவர் கொஞ்சம் யோசித்தார். "கெணத்துக்குள்ள நாலு படி எறங்கிப் போய் உக்காந்துக்குவனுங்க."

எனக்கு அது தெரியாது. தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்கப் போகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

"ஊரை விட்டு வேற எடத்துல போய்த் தங்கினா எப்படி இருக்கும் உங்களுக்கு?"

இந்தக் கேள்விக்கு என் காது கூர்மையானது. இவர் கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"பாக்கலாமுங்க," என்றார்.

ஜப்பார் டாக்டர் வற்புறுத்தவில்லை. "தும்பை," என்றார்.

இவர் சட்டென்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மூக்குல இல்லை, நாக்குல. தும்பைச் செடியை வேரோடு இடிச்சு ஸ்பிரிட்டில ஊறவெச்சு, அந்தத் தண்ணியைச் சர்க்கரை உருண்டையில ஏத்தித் தருவேன். எங்கிட்ட இருந்தது தீந்துபோச்சு. உங்க வரப்புல இருக்குமே? பூவும் வேருமாக் கொண்டுவாங்க. காலையில, பனி காய்ஞ்ச உடனே பறிக்கணும்."

காலையில் என்றதால் நான் தனியாகப் போவதாக இருந்தேன். கூடையைக் கையில் எடுத்துக்கொண்டு இவரும் வந்துவிட்டார். துண்டைக் கண் மறையக் கட்டியிருந்தார்.

"எங்கீங்க வர்றீங்க இந்த வலியோட?"

"மருந்து எனக்குத்தானே. சுமக்கவாச்சும் சுமக்கறேன்."

நான் முன்னால் நடந்தேன். அவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். "இங்க வாய்க்கா, தாண்டுங்க." தாண்டுவார். "இங்க சேறு." ஒதுங்குவார். மழை விட்டு ஓய்ந்த நேரம், வடக்கு வரப்பு வெள்ளையாகக் கிடந்தது. நாயுருவி வேரைப் போல அல்லாமல் தும்பை வேர் இழுத்ததும் வந்துவிடும். பறித்துப் பறித்துக் கூடையில் போட்டேன். அந்தப் பக்கம் போன நடவுப் பெண் ஒருத்தி, "புருசனைக் கட்டி இழுத்துட்டுப் போறாளே, சந்தைக்குங்களா?" என்று கேட்டாள். இவர் கட்டுக்குள்ளிருந்து, "வெலை படியலைன்னா திரும்பக் கூட்டிட்டு வந்துருவா," என்றார்.

கூடை நிறைந்தபோது ஒரு செடியைத் தடவிப் பார்த்தார். "இதைப் போய் இத்தனை வருசமாக் களைன்னு கொத்தி எறிஞ்சோம். இனி இந்த வரப்பை மட்டும் கொத்த வேண்டா, புள்ள."

மருந்து ஊறி வர மார்கழி பிறந்துவிட்டது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை உருண்டைகள், ஒரு சின்னக் குப்பியில். கையால் தொடக் கூடாது, மூடியில் தட்டி நாக்கில் போட வேண்டும். பத்தியமும் சொன்னார். காப்பி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, பெருங்காயம் கூடாது, தலைவலித் தைலம் கூடாது, ஏலம் கிராம்பு போட்ட எதையும் தின்னக் கூடாது.

"காப்பி இல்லாமத் தலவலி போகணும்ன்னா தலையையே எடுத்தர்லாமுங்களே," என்றார் இவர்.

ஆனால் விட்டுவிட்டார். அவர் முன்னால் குடிக்க மனமில்லாமல் நானும் விட்டேன். கொத்தமல்லித் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம்.

முதல் வாரம் நன்றாகத் தேவலை என்றார். ஒரு நாள் வெயில் ஏறும்வரை கிணற்றடியில் நின்று பேசினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் குப்பிக்கு எறும்பு வந்தது. சர்க்கரை உருண்டை அல்லவா? தக்கை மூடி இடுக்கில் வரிசையாகப் போனது. வீட்டில் இருந்ததிலேயே நல்ல டப்பா எதுவென்று பார்த்தேன். குப்பண்ணன் அண்ணன் கொண்டுவந்த தகர டப்பாதான். மூடி அப்படி இறுகும், திறக்கக் கரண்டிக் காம்பு வேண்டும். உள்ளே மிச்சமிருந்த ஏலக்காயைக் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, குப்பியை அதற்குள் வைத்தேன். அதன் பிறகு ஓர் எறும்பு அண்டவில்லை.

தலைவலி திரும்ப வந்துவிட்டது. பழையபடியே, சூரியனோடு. பொங்கலன்று பால் பொங்கும்போது அவர் தொழுவத்தில் கிடந்தார். வேளை தவறாமல் நான்தான் டப்பாவைத் திறந்து உருண்டை கொடுத்தேன். பங்காளி ஆறுமுகசாமி ஒரு நாள் வந்து எங்கள் வயலை நான்கு பக்கமும் நடந்து பார்த்தார். வடக்கு வரப்பில் நின்று, "என்ன அம்மணி, ஒரே களையாக் கெடக்குது," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தை கழிந்து இரண்டாம் நாள் குப்பண்ணன் அண்ணன் வந்து இறங்கினார். தொழுவத்தை எட்டிப் பார்த்தார். சாயங்காலம், "கெளம்பு மாப்பிள்ள," என்றார் மெதுவாக. "உங்கக்கா வழி பாத்துட்டு இருக்கறா."

"சரிங்க."

நான் சமையலறையில் நின்று கேட்டேன். சரிங்க என்று அவர் சொன்னதும் கையிலிருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

போவதற்கு முன் ஜப்பார் டாக்டரிடம் மலையிலிருந்து சாப்பிட மருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று மூவரும் சித்தூர் போனோம். டாக்டர் பழைய குப்பியைக் கேட்டார். நான் பையிலிருந்து டப்பாவை எடுத்து, கரண்டிக் காம்பால் மூடியை நெம்பினேன்.

டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"இதுலயா வெச்சிருந்தீங்க?"

"ஆமாங்க. எறும்பு ஏறாதுங்க."

"எறும்பு ஏறாது. மருந்தும் நிக்காது." டப்பாவைக் குப்பண்ணன் அண்ணனிடம் நீட்டினார். "மணத்துப் பாருங்க."

அண்ணன் முகர்ந்தார். அவர் முகம் மலர்ந்தது. "நம்ம கடைச் சரக்குங்க. மொதல் தரம். டப்பா காலியாகியும் வாசம் போகலை பாருங்க."

"முதல் தரமாக்கும். அதுதான் என் தும்பையைக் கொன்னுடுச்சு."

நான் சாம்பல் போட்டுத் தேய்த்ததைச் சொன்னேன். தின்னக் கூடாது என்றுதானே சொன்னீர்கள், தின்னவில்லையே என்றேன். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என் தப்புதான். தின்னக் கூடாதுன்னா பக்கத்துலயும் வெக்கக் கூடாதுன்னு சேர்த்துச் சொல்லியிருக்கணும். போகட்டும், புதுசாத் தர்றேன். ஏலக்காய், கற்பூரம் மணக்கற வீட்டுலயே இதை வெக்கப்படாது. சாப்பிடறவங்களும் அந்த மணத்துல இருக்கப்படாது."

பிறகு குப்பண்ணன் அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"டாக்டரே, எங்கூடு கடைக்கு மேலதானுங்க. கீழ மூட்டை, மேல நாங்க. சுண்ணாம்பு அடிச்ச சுவரே ஏலக்காய் மணக்கும். என்ற பொண்டாட்டி ஊட்டை உட்டுக் கம்பத்துக்குப் போனாலே பஸ்ஸுல திரும்பிப் பாக்கறாங்க."

"அப்ப அங்கே இந்த மருந்து பிடிக்காது."

அப்போது இவர் வாயைத் திறந்தார். "டாக்டரே, பத்தியத்தை முறிக்கக் கூடாதுங்களே?"

"முறிச்சா முதல்லேருந்து தொடங்கணும்."

"எவ்வளவு நாளைக்குங்க?"

"வலி நின்ன பிறகும் ஒரு வருஷம் இருக்கணும்."

"ஒரு வருசம் போதுங்களா? கூடக் கொஞ்சம் இருந்தாலும் எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லீங்க."

குப்பண்ணன் அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார். "மாப்பிள்ள, நீ ஒரே மூச்சுல இவ்வளவு பேசி நான் கேட்டதில்லையே."

"போன தடவை நான் ஒரு கேள்வி கேட்டேன்," என்றார் ஜப்பார் டாக்டர், குப்பியில் உருண்டைகளைத் தட்டிக்கொண்டே. "ஊரை விட்டுப் போனா எப்படி இருக்கும்னு. அதுக்கு இப்பத்தான் பதில் சொல்றார்."

எங்கள் பக்கத்தில் அக்கா கூப்பிட்டுத் தம்பி வரமாட்டேன் என்று சொல்ல முடியாது. சுண்ணாம்பு அடித்து வைத்த அறைக்குப் போகாவிட்டால் அது பல வருஷம் பேச்சாக இருக்கும். ஆனால் மருந்துக்குப் பத்தியம் என்றால் யாரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசமாட்டார்கள். அதற்குமேல் கேள்வி கிடையாது. குப்பண்ணன் அண்ணன் தனியாகப் பஸ் ஏறினார். ஏறும்போது அந்த டப்பாவை என்னிடமிருந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். நங்கையா அடுத்த தடவை வந்தபோது, வெந்தயம் தேய்த்துத் தலை முழுகி, வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வாசலிலேயே நின்று, "மணக்குதா பாரு," என்று என்னிடம் தலையைக் காட்டினாள்.

புதுக் குப்பியை எங்கே வைப்பது என்பது பெரிய பாடாகிவிட்டது. சமையலறையில் பெருங்காயம், சாமி மாடத்தில் கற்பூரம், பெட்டியில் அந்துருண்டை. ஒரு வீட்டில் மணக்காத இடமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கடைசியில் கிணற்றுக்குள் நான்காம் படிக்குப் பக்கத்தில் இருந்த கல் பொந்தில் வைத்தோம். எறும்பும் இல்லை, வாசமும் இல்லை. கோபம் வந்தால் போய் உட்காரும் இடத்துக்கே அவர் மருந்துக்கும் போனார்.

ஆடிக்குள் வலி வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைந்தது. அடுத்த தும்பை பூக்கும்போது இல்லவே இல்லை. உருண்டை கேட்டதா, காப்பியை விட்டது கேட்டதா, வயது மாறியதில் தானாகப் போனதா, எனக்குத் தெரியாது. ஜப்பார் டாக்டர் தும்பை என்பார். நானும் தும்பை என்றே வைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் மாறவில்லை. தலைவலி போன பிறகும் அவர் காலையில் வயலுக்கு வரவில்லை. மாட்டுச் சாணி அள்ளுவார், தீவனம் வெட்டுவார், கயிறு திரிப்பார். ஆட்கள் கஞ்சி குடித்து முடித்த பிறகுதான் மெல்ல வந்து சேருவார். "பண்ணாடி எந்திரிச்சாச்சுங்களா?" என்று நடவுப் பெண்கள் கேட்பார்கள். "பண்ணாடி எந்திரிச்சு அங்க நிக்கறாளே," என்று என்னைக் காட்டுவார்.

எழுபத்தொன்பதில் நங்கையா மகள் வள்ளியாத்தாளுக்குக் குமுளியில் கல்யாணம். அதற்குப் போகாமல் இருக்க முடியுமா? கடைக்கு மேல் அதே அறையில்தான் படுத்தோம். சுவர் மணந்தது, பாய் மணந்தது. பந்தியில் பாயசத்தை முகர்ந்தே எனக்குப் பயம் வந்தது. இவர் டம்ளரை நீட்டி மறுபடி ஊற்றச் சொன்னார். மறுநாள் விடிந்ததும் எழுந்து பார்த்தேன், பக்கத்தில் ஆள் இல்லை. கீழே இறங்கினால், மஞ்சு இல்லாத காலை வெயிலில் லாரிக்காரர்களோடு நின்று காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்.

"மாப்பிள்ளைக்குப் பத்தியம் முடிஞ்சுதாட்ட இருக்குது," என்றார் குப்பண்ணன் அண்ணன்.

"இன்னைக்குக் காலைலதானுங்க முடிஞ்சுது," என்றார் இவர். அண்ணன் சிரித்த சிரிப்பில் அவர் கையிலிருந்த காப்பி சிந்தியது.

கம்பத்துக்கு இறங்கும் பஸ்ஸில் கேட்டேன்.

"ஏனுங்க, ரெண்டு டம்ளர் பாயசம் குடிச்சீங்களே."

"மூணு."

"தலவலி வரலீங்களா?"

"வரலையே."

"அப்ப அன்னைக்கு டாக்டருகிட்டச் சொன்னது?"

"அன்னைக்கு நெசமாவே வலிச்சுது. பத்தியமும் நெசந்தான், ஒரு வருசம்ன்னாரு. மிச்சமெல்லாம் நான் சேத்துக்கிட்டது."

"எதுக்குங்க?"

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. கம்பிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "தொழுவத்துச் சுவத்துல ஒரு சந்து இருக்குதல்ல. காலைல நீ மம்முட்டியை ஊனிட்டு வரப்புல நிக்கறது அதுல தெரியும். இங்க வந்திருந்தீன்னா மொறத்துல குனிஞ்சுட்டல்ல இருந்திருப்ப."

"நீங்க கண்ணைத் தொறக்க முடியாமக் கெடந்தீங்கன்னு நெனச்சேன்."

"வலிச்சது எடது கண்ணு, புள்ள. வலது கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேச வேண்டியதும் இல்லை. அவர் கடைசிவரை வயலுக்கு நேரம் கழித்தே வந்தார்.

இப்போதும் காலையில் நான்தான் போகிறேன். மம்முட்டியைத் தூக்க ஆள் இருக்கிறது, நான் மடையைக் காட்டினால் போதும். போன மாதம் தொழுவத்துச் சுவரைப் பூச ஆள் வந்தான். அந்தச் சந்தை அடைக்கக் காரையைக் குழைத்துக்கொண்டிருந்தான். அதை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். மாட்டுக்குக் காற்று வேண்டும் என்றேன்.